ஆராய்ச்சி மணியை அடித்த அம்மையார்

திருவாரூரில் ஆண்ட மனுநீதிச் சோழன் கதையைத் தமிழ்க் குழந்தைகள் தொட்டிலிலேயே கேட்டு விடுகின்றன. அரண்மனை வாயிலில் அவன் ஒரு மணியைக் கட்டி வைத்தான். நீதி வேண்டுவோர் எவரும் வந்து அதை அடிக்கலாம். ஒரு நாள் கன்றை இழந்த பசு ஒன்று வந்து அந்த மணியை அடித்தது. மன்னன் இறங்கி வந்தான். பசுவின் வழக்கைக் கேட்டான். தன் மகன் என்றும் பாராமல் தீர்ப்பளித்தான். அந்த மணிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் ஆராய்ச்சி மணி.

மன்னராட்சி மறைந்தது, மக்களாட்சி மலர்ந்தது. அரண்மனையின் இடத்தில் பாராளுமன்றம் நிற்கிறது. ஆனால் பாராளுமன்றத்தின் வாயிலில் பசு வந்து அடிக்க மணி இல்லை. பசுவுக்கு வாக்குரிமை இல்லை. குரங்குக்குக் கட்சி இல்லை. முயலுக்குப் பத்திரிகை இல்லை. அப்படியானால் அவற்றுக்காக மணியை அடிப்பவர் யார்? சுதந்திர இந்தியாவின் மேலவையில் அந்த மணியை முதன்முதலில் ஓங்கி அடித்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. அவர்தாம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்.

அம்மையாரின் பெயரைச் சொன்னதும் கலாக்ஷேத்திரம் நினைவுக்கு வரும். பரதநாட்டியம் கண்முன் ஆடும். அவருடைய வாழ்வின் மறுபாதியைப் பலர் அறியார். விஞ்ஞானம் பயிலும் மாணவர்களாகிய நாம் அறிந்தே தீர வேண்டிய பாதி அது.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுப்பணித் துறையில் பொறியாளர், வடமொழியில் வல்லவர். தாயார் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு மிக்கவர். சாஸ்திரியார் அன்னி பெசன்ட் அம்மையாரின் பிரம்மஞான சங்கத்தில் பற்றுக் கொண்டார். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் குடும்பத்தோடு சென்னை அடையாறுக்கு வந்து குடியேறினார். ஆலமரமும் ஆற்றங்கரையும் கடற்காற்றும் சூழ்ந்த அந்த இடத்தில், பல நாட்டு அறிஞர்கள் வந்து போகும் சூழலில் சிறுமி வளர்ந்தாள். எல்லா உயிரும் ஒன்று என்னும் கொள்கை அங்கே வெறும் பேச்சாக இருக்கவில்லை. புலால் உண்ணாமையும், உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்வதை எதிர்ப்பதும் பெசன்ட் அம்மையாரின் கொள்கைகளில் அடங்கியிருந்தன. பிற்காலத்தில் ருக்மிணி தேவி எடுத்த போருக்கு அங்கேதான் வித்து விழுந்தது.

1920-ஆம் ஆண்டு, பதினாறு வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கில அறிஞரை அவர் மணந்தார். மணமகன் வெள்ளையர், வயதில் மிக மூத்தவர். சென்னை நகரம் கொதித்தது. வைதிகர்கள் வசைமாரி பொழிந்தார்கள். அந்த இளம்பெண் அசையவில்லை. ஊர் முழுவதும் எதிர்த்தாலும் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்யும் உறுதி அன்றே அவரிடம் அமைந்துவிட்டது. கணவரோடு உலகின் பல நாடுகளைச் சுற்றி வந்தார்.

அந்தப் பயணங்களின்போது ருஷ்ய நாட்டு நடன மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு வாய்த்தது. சொந்த நாட்டின் ஆடற்கலையை நோக்கி அவர் மனத்தைத் திருப்பியது அந்த நட்பே. 1933-இல் சென்னை மியூசிக் அகாடமியின் ஆதரவில் நடந்த சதிராட்டத்தைக் கண்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்பு பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ஆடல் பயின்றார். 1935 டிசம்பரில் அடையாறில் நடந்த பிரம்மஞான சங்க வைர விழாவில் மேடையேறினார். 1936 சனவரியில் கலாக்ஷேத்திரம் பிறந்தது.

சதிர் என்னும் ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் தேவதாசிக் குலப் பெண்கள். அவர்களிடமிருந்து அக்கலையைப் பெற்று, அதன் சிருங்காரச் சுவையைக் குறைத்து, மேல்குடியினர் ஏற்கும் வடிவில் அமைத்துவிட்டார் என்று அம்மையார்மேல் ஒரு குறை உண்டு. அக்குலத்தில் தோன்றிய பாலசரஸ்வதி அம்மையாரே அதை எதிர்த்து வாதிட்டிருக்கிறார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. புகழ்மாலை மட்டும் கட்டினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது என்பதால் அதையும் சொல்லி வைக்கிறேன்.

1945-இல் கணவர் மறைந்தார். அதன் பின்னும் அம்மையார் ஓயவில்லை. 1952-இல் குடியரசுத் தலைவர் அவரை ராஜ்ய சபைக்கு நியமித்தார். கலை, இலக்கியம், விஞ்ஞானம், சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்த பன்னிருவர் முதன்முதலாக அவ்வாறு நியமனம் பெற்றனர். அவர்களுள் ஒரே பெண் ருக்மிணி தேவி. அந்தப் பன்னிருவரில் இயற்பியல் மேதை சத்தியேந்திர நாத் போஸ் இருந்தார். தடுப்பு மருந்து ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தை முன்பு நடத்திய சாகிப் சிங் சோக்கியும் இருந்தார். விஞ்ஞானமும் கருணையும் ஒரே அவையில் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தன.

நடனமணி நடனத்தைப் பற்றிப் பேசுவார் என்று அவையினர் எதிர்பார்த்திருக்கலாம். அவர் பேசியது வாயில்லா உயிர்களைப் பற்றி. அப்போது நாட்டில் நடப்பில் இருந்தது வெள்ளையர் 1890-இல் இயற்றிய பழைய சட்டம். அது பெரும்பாலும் நகரங்களோடு நின்றது. சுமை தாங்காமல் தெருவில் விழும் வண்டி மாட்டுக்கும், பசியோடு கட்டிவைக்கப்பட்ட குதிரைக்கும், கூண்டில் அடைபட்ட குரங்குக்கும் அதனால் கிடைத்த காவல் மிகச் சிறிது. 1953-இல் அம்மையார் விலங்கு வதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி உறுப்பினர் என்ற முறையில் கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் கட்சி இல்லை. அமைச்சர் பதவி இல்லை. மனச்சான்று ஒன்றே அவருடைய படை.

1954-இல் மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆதரித்தவரும் ஐயுற்றவரும் இருந்தனர். பிரதமர் நேரு அதன் நோக்கத்தைப் பாராட்டினார். அரசாங்கமே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து முழுமையான சட்டம் கொண்டு வரும், ஆகவே மசோதாவைத் திரும்பப் பெறலாம் என்று கேட்டுக்கொண்டார். அம்மையார் இசைந்தார். இதைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? அன்று பார்த்தவர்களுக்குத் தோல்வியாகவே தோன்றியிருக்கும். வாக்குறுதிகள் அலமாரியில் உறங்குவது நம் நாட்டில் புதிதல்லவே. ஆனால் அவர் விடாமல் நினைவூட்டினார்; காத்திருந்தார். ஆறு ஆண்டுகள் ஓடின. 1960-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதுவரை கருணை கோயிலிலும் தர்ம சத்திரத்திலும் இருந்தது. அன்று முதல் அது சட்டப் புத்தகத்தில் ஏறியது. விலங்கைத் துன்புறுத்தாமை புண்ணியம் என்ற நிலை மாறிக் கடமை ஆயிற்று.

அந்தச் சட்டம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதா? இல்லை. முதற் குற்றத்துக்கு அது விதித்த உயர்ந்த தண்டனை 50 ரூபாய் அபராதம். உணவுக்காகக் கொல்வதை அது விலக்கவில்லை. சமயச் சடங்குக்காகக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. மூன்றாவதாக ஒரு கதவையும் அது திறந்தே வைத்தது. அது நம் ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு. புதிய அறிவைப் பெறுவதற்காகவும், உயிரைக் காப்பதற்காகவும், நோயைத் தீர்ப்பதற்காகவும் விலங்குகள்மேல் நடத்தும் சோதனை சட்ட விரோதம் ஆகாது என்று 14-ஆம் பிரிவு கூறிவிட்டது.

ஆனால் திறந்த கதவுக்குக் காவலனையும் சட்டம் வைத்தது. சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்க வழி செய்தது. அந்தக் குழு எதைப் பார்க்க வேண்டும்? அறுவை செய்வதானால் மயக்க மருந்து கொடுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் ஆகியவற்றால் கற்பிக்க இயலும் இடங்களில் சோதனையைத் தவிர்க்க வேண்டும். சிறிய விலங்கு போதுமான இடத்தில் பெரிய விலங்கைத் தொடக்கூடாது. கைப்பழக்கம் பெறுவதற்காக மட்டும் ஓர் உயிரை அறுக்கக்கூடாது. இவையெல்லாம் 17-ஆம் பிரிவின் சாரம். விலங்கியல் வகுப்பில் தவளையை மெழுகுத் தட்டில் விரித்துக் குண்டூசி குத்திய தலைமுறைகள் எத்தனை! அந்தத் தலைமுறைகள் இந்தப் பிரிவைப் படித்திருந்தால் எத்தனை தவளைகள் பிழைத்திருக்கும்!

இங்கே ஒரு பெரிய கேள்வி எழுகிறது. அதைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது. அம்மையார் அவையில் இருந்த அதே ஆண்டுகளில் இளம்பிள்ளை வாதம் உலகெங்கும் குழந்தைகளை முடமாக்கிக்கொண்டிருந்தது. 1955 ஏப்ரலில், ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பு மருந்து பயன் தருகிறது என்ற செய்தி வெளிவந்தது. தாய்மார் மகிழ்ந்தனர். அந்த மருந்துக்குரிய நச்சுயிரியை ரீசஸ் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்தார்கள். ரீசஸ் குரங்கின் தாயகம் எது? நம் வடஇந்தியா. காட்டிலும் கோயிலிலும் திரிந்த குரங்குகள் பிடிக்கப்பட்டு, கூண்டில் அடைக்கப்பட்டு, விமானத்தில் ஏற்றப்பட்டன. ஐம்பதுகளின் இறுதியில் அவற்றின் எண்ணிக்கை ஆண்டுக்கு இலட்சத்தைத் தாண்டியது. 1955-இல் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத் திணறி மாண்டன. இந்திய அரசு சிறிது காலம் ஏற்றுமதியை நிறுத்தியது. பின்பு நிபந்தனைகளோடு அனுமதித்தது.

ஒரு தட்டில் முடமாகும் குழந்தை. மறு தட்டில் மூச்சுத் திணறும் குரங்கு. எந்தத் தட்டு தாழும்? குழந்தையைக் கைவிடு என்று சொல்ல எந்த நெஞ்சமும் துணியாது. ஆனால் விஞ்ஞானி அந்தத் தராசோடு நின்றுவிடலாமா? குரங்கின்றிக் குழந்தையைக் காக்க வழி உண்டா என்று தேடுவதல்லவா விஞ்ஞானம்?

தேடியவர்கள் இருந்தார்கள். 1959-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு விஞ்ஞானிகள் ஒரு நூலில் மூன்று நெறிகளை வகுத்தார்கள். விலங்குக்கு மாற்று உண்டானால் மாற்றைக் கொள். இல்லையேல் எண்ணிக்கையைக் குறை. அதுவும் இயலாதபோது வலியையாவது தணி. 1962-இல் ஜப்பானின் சீபா பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்கள் தொடர்ந்து வளரும்படி பேணப்பட்டன. வேரோ என்று பெயர் பெற்ற அந்த உயிரணு வழி இன்றும் உலக ஆய்வுக்கூடங்களில் வளர்கிறது. இளம்பிள்ளை வாதத் தடுப்பூசி பிற்காலத்தில் அதில் தயாராயிற்று. ஆயிரமாயிரம் குரங்குகள் செய்த வேலையை ஒரு குரங்கின் உயிரணுக்கள் செய்தன. கருணை விஞ்ஞானத்தின் காலைக் கட்டிவிடும் என்று அஞ்சியவர்கள் இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கருணை கேட்ட கேள்விக்கு விடை தேடியபோது விஞ்ஞானம் ஒரு படி மேலேதான் ஏறியது.

அதே 1962-இல், புதிய சட்டத்தின்படி இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவி அம்மையார். வாரியத்தின் தலைமையிடம் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது. கலாக்ஷேத்திரம் திருவான்மியூருக்கு இடம் பெயர்ந்ததும் அந்த ஆண்டில்தான். ஒரு கையில் கலை, மறு கையில் கருணை என்று அம்மையார் இரண்டையும் சுமந்தார். உலக சைவ உணவாளர் சங்கத்தின் துணைத்தலைவராகவும் 1955 முதல் இறுதிவரை விளங்கினார்.

1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு கேட்டார். நாட்டின் மிக உயர்ந்த நாற்காலி அது. அம்மையார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1978-இல் அதே அரசாங்கம் ரீசஸ் குரங்கு ஏற்றுமதியை அறவே நிறுத்தியது. மருந்துக்கென்று வாங்கிய குரங்குகளை அமெரிக்காவில் இராணுவக் கதிர்வீச்சுச் சோதனைகளுக்குப் பயன்படுத்தினார்கள் என்ற செய்தி வெளிவந்ததே அதற்குக் காரணம். உயிர் காக்க என்று திறந்த கதவு வழியே உயிர் அழிக்கும் ஆயுதம் நுழைந்துவிட்டது. காவலன் இல்லாத கதவின் கதி அதுதான்.

1986 பிப்ரவரி 24-ஆம் நாள் அம்மையார் சென்னையில் காலமானார். அவர் ஊன்றிய விதை பின்னும் வளர்ந்தது. 1998-இல் புதிய விதிகள் வந்தன. விலங்குகளை வைத்து ஆராயும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிக்குழு ஒன்று வேண்டும். அதில் வெளியிலிருந்து வரும் விஞ்ஞானி ஒருவரும், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறை உடையவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. 2014-இல் அழகுப் பொருள்களை விலங்குகள்மேல் சோதிப்பதை இந்தியா தடை செய்தது. அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுக்கும் பயிற்சியைக் கைவிடும்படி பணித்தது.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் எழுந்து, மனிதனே மனிதனாக நடத்தப்படாத நாட்டில் விலங்குக்கு என்ன சட்டம் என்று கேட்கலாம். இது புலால் உண்ணாத மேல்குடியினர் வீட்டுப் பேச்சு என்றும் சொல்லலாம். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தக் கேள்வியின் சூடு எனக்குத் தெரியும். அதற்கு மறுமொழி சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் அந்தச் சுரங்கத்துக்குப் பிழைப்புத் தேடி வந்தனர். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர். பாறையைத் துளைத்தபோது எழுந்த தூசி அவர்களுடைய நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயாயிற்று. 1940-களில் மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளரைச் சோதித்தபோது பத்தில் நால்வருக்கும் மேல் அந்த நோய் இருப்பது தெரிந்தது. எடுத்த தங்கத்தைக் கம்பெனி கணக்கு வைத்தது. இருமிய மூச்சைக் கணக்கு வைக்க நெடுநாள் ஆயிற்று. அவர்களுக்குக் கிடைத்த சிறிதளவு காவலும் முதலாளியின் இரக்கத்தால் வரவில்லை. கேட்டவர்களாலும் போராடியவர்களாலும் சட்டத்தாலும் வந்தது. ஓர் உயிரின் வலியைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம் என்று எண்ணும் மனம், கூண்டில் குரங்கைப் பார்த்தாலும் சுரங்கத்தில் மனிதனைப் பார்த்தாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறது. ஆகவே மனிதனுக்குப் பிறகு விலங்கு என்று வரிசை கட்டத் தேவையில்லை. இரண்டும் ஒரே வழக்கின் இரு கிளைகள்.

சுரங்க நாடுகளின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை முன்னறிய, கேனரி என்னும் மஞ்சட் குருவியைக் கூண்டில் கொண்டு போவார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர் சொன்ன வழி அது. மனிதனுக்கு முன் குருவி மயங்கி விழும், தொழிலாளர் தப்புவர். மயங்கிய குருவியைப் பிழைப்பிக்கச் சிறு பிராணவாயுக் குப்பி பொருத்திய கூண்டுகளும் இருந்தன. தங்களைக் காத்த குருவியைக் காக்க வேண்டும் என்று எண்ணியவர்களும் அந்த இருட்டில் இருந்திருக்கிறார்கள். காற்றை அளக்கும் மின்கருவி வந்ததும் குருவிக்கு விடுதலை கிடைத்தது. அதை அறிவித்த ஆண்டு 1986. அம்மையார் மறைந்த அதே ஆண்டு.

புலால் உண்பவர் இதில் விலக வேண்டியதில்லை. சட்டம் கேட்பது, வேண்டாத வலியைத் தராதே என்பதுதான். கொல்லாமைக்கும் அருளுடைமைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தார். சீவகாருண்யத்தையே வள்ளலார் வாழ்வின் நெறியாக்கினார். அந்த வழியில் வந்த நமக்கு இது அந்நியர் கற்பித்த பாடம் அன்று.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை மருந்தியலும் உயிரியலும் ஆராய்வோம். சிலர் கல்லூரிகளில் கற்பிப்போம். அப்போது நம் முன்னே கூண்டுகள் இருக்கும். எலி இருக்கும், முயல் இருக்கும். நெறிக்குழுவின் தாளில் கையெழுத்து வாங்குவது எளிது. அந்தத் தாளில் உள்ள கேள்விகளை நம் நெஞ்சைக் கேட்பது அரிது. இந்தச் சோதனை முன்பே யாரோ செய்து முடித்ததா? இருபது எலி எதற்கு, பத்துப் போதாதா? உயிரணு வளர்ப்பில் இதைக் கண்டறிய முடியாதா? மயக்கம் முழுமையாக இறங்கிற்றா? சட்டம் திறந்து வைத்த கதவின் உண்மையான காவலர்கள் டில்லியில் இல்லை. கையில் ஊசியோடு நிற்கும் நாம்தாம்.

மனுநீதிச் சோழனின் ஊரில் மணி அரண்மனை வாயிலில் தொங்கியது. ருக்மிணி தேவி அம்மையார் அதை எடுத்துப் பாராளுமன்றத்தில் கட்டினார். இனி அது தொங்க வேண்டிய இடம் நம் ஆராய்ச்சிக்கூடத்தின் வாயில். ஆராய்ச்சி என்ற ஒரே சொல்லை நீதிக்கும் விஞ்ஞானத்துக்கும் பொதுவாக வைத்த மொழி நம் தமிழ்மொழி. அந்தச் சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே காப்பது நம் கடமை.